கெர்னலிலிருந்து இறங்கி வந்த வேலை

2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 என்ற இணையத் தரநிலை ஆவணம் வெளியானபோது, உலாவியும் சர்வரும் தரவைப் பரிமாறிக்கொள்ள உதவும் குவிக் நெறிமுறை ஒருவழியாக முடிந்துவிட்டது என்றுதான் வெளியில் இருந்த பலரும் எண்ணினார்கள். கூகுளில் ஜிம் ராஸ்கிண்ட் 2012-இல் வடிவமைக்கத் தொடங்கி, 2013-இல் பொதுவெளியில் அறிவிக்கப்பட்டு, 2016-இல் இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் பணிக்குழு கைக்கு வந்து, முப்பதுக்கும் மேற்பட்ட வரைவுகளைக் கடந்த ஒன்று, கடைசியில் ஓர் எண்ணைப் பெற்று நிலைத்துவிட்டது. ஆனால் அதை நிரலாக எழுதிப் பராமரிப்பவர்களுக்கு வேலை அன்றைக்குத்தான் உண்மையில் தொடங்கியது. அதுவரை எது தவறினாலும் "அடுத்த வரைவில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்ல முடிந்தது; அதன் பிறகு முடியவில்லை.

நான் பராமரிப்பில் பங்கேற்கும் குவிக் நூலகத்துக்கு (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரலுக்கு) பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. சிலர் மட்டும், அவரவர் சம்பள வேலை போக மிஞ்சும் நேரத்தில் கவனித்துக்கொள்ளும் சிறிய திறமூலத் திட்டம் அது. கோ மொழியின் குவிக்-கோ, கிளவுட்ஃபிளேரின் கீச், மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்குவிக், ரஸ்ட் மொழியின் குவின், தரவிறக்கக் கருவியான கர்ல் பயன்படுத்தும் என்ஜிடிசிபி2 போன்ற பெயர்பெற்ற நூலகங்களின் வரிசையில் அதற்கு இடமில்லை. ஆயினும் அவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் அதே சுவர்களில்தான் நாங்களும் முட்டிக்கொள்கிறோம். அந்தச் சுவர்களில் பெரும்பாலானவை ஆர்எஃப்சிக்கு வெளியே இருப்பவை என்பதால் அவற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

குவிக்குக்கு முந்தைய டிசிபி நெறிமுறையின் காலத்தில் இந்தப் பாரத்தை யார் சுமந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இணைய சேவை ஒன்றை எழுதுபவர் சாக்கெட்டை (நெட்வொர்க் இணைப்பு முனையை) திறப்பார், எழுதுவார், படிப்பார், மூடுவார். அத்தோடு அவர் பொறுப்பு முடிந்தது. தொலைந்த பாக்கெட்டை (தரவுத் துண்டை) எப்போது மறுபடி அனுப்புவது, நெரிசல் வந்தால் எவ்வளவு குறைப்பது என்பதெல்லாம் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் நடந்தன. பல பத்தாண்டுகளாக, பல நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து அமர்த்திய வல்லுநர்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டார்கள். குவிக் இவை அனைத்தையும் யுடிபி என்ற எளிய அனுப்புமுறைக்கு மேலே, சாதாரண நிரல்கள் ஓடும் பயனர் வெளிக்குக் கொண்டுவந்துவிட்டது. கெர்னல் புதுப்பிக்கப்படும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்காமல் நெறிமுறையை மாற்றலாம் என்பதுதான் அதன் நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறியது. ஆனால் கெர்னலிலிருந்து நிரல் இறங்கி வந்தபோது, அதைக் கவனித்துக்கொண்டிருந்த ஆட்கள் கூடவே இறங்கி வரவில்லை.

குவிக்கில் ஏறக்குறைய எல்லாமே, பாக்கெட் எண் உட்பட, குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. கூகுள் 2017-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஒரு நிகழ்ச்சி வருகிறது: வெளிப்படையாக இருந்த முதல் பைட்டில் அவர்கள் ஒரேயொரு பிட்டை மாற்றினார்கள், உடனே சில பயனர்களுக்கு இணைப்பு விழுந்தது. நடுவழியில் இருந்த ஃபயர்வால் ஒன்று அந்த பைட்டை வைத்துத்தான் குவிக்கை அடையாளம் கண்டுகொண்டிருந்தது. முதல் சில பாக்கெட்டுகளை விட்டுவிட்டுப் பிறகு வந்தவற்றைத் தடுத்ததால், டிசிபிக்குத் திரும்பும் மாற்று வழியும் சரியாக வேலை செய்யவில்லை. வெளியே தெரியும் எதையும் யாராவது ஒருவர் பிடித்துத் தொங்குவார், பிறகு அதை மாற்றவே முடியாது என்ற பாடத்தைப் பணிக்குழு அப்போதே கற்றுக்கொண்டது. அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தொடக்கத்தில் டிசிபியை விட 3.5 மடங்கு சிபியுவை குவிக் எடுத்துக்கொண்டது. கூகுளின் பொறியாளர்கள் பாடுபட்டு அதை 2 மடங்காகக் குறைத்தார்கள். கூகுளுக்கே அப்படி என்றால், ஓய்வு நேரத்தில் எழுதுபவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்களுக்கு வரும் பிழை அறிக்கைகளில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தின் வேறு வேறு வடிவங்கள்: "எப்போதாவது ஒருமுறை இணைப்பு அப்படியே நின்றுவிடுகிறது." இதற்குப் பின்னால் இருக்கக்கூடிய காரணங்களில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையின் தன்மை அதில் முழுமையாகத் தெரியும்.

குவிக்கில் இணைப்பைத் தொடங்கும் கிளையன்ட் அனுப்பும் முதல் டேட்டாகிராம் (யுடிபி வழியே போகும் ஒரு தரவுப் பொதி) 1200 பைட்டுக்குக் குறையக் கூடாது. அனுப்பியவரின் முகவரி உண்மையானதுதானா என்று உறுதிப்படும் வரை, சர்வர் தனக்கு வந்ததைப் போல் மூன்று மடங்குக்கு மேல் திருப்பி அனுப்பக் கூடாது. பொய் முகவரியிட்டு வேறொருவர் மீது வெள்ளத்தைத் திருப்பிவிடும் தாக்குதலைத் தடுப்பதற்கான விதி இது. ஆக, சர்வருக்கு முதலில் கிடைக்கும் அனுமதி 3600 பைட்டு. சர்வர் தன் அடையாளத்தை நிறுவ அனுப்பும் சான்றிதழ்ச் சங்கிலி அதைவிட நீளமாக இருந்தால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டு, கிளையன்ட்டிடமிருந்து இன்னும் ஏதாவது வரட்டும் என்று காத்திருக்கும். கிளையன்ட் தன் பங்குக்கு, வந்தவற்றுக்கு ஒப்புதல் அனுப்புகிறது. அந்த ஒப்புதல் வழியில் தொலைந்துபோகிறது. ஒப்புதல் மட்டும் கொண்ட பாக்கெட் தொலைந்தால் அதை மறுபடி அனுப்பும் வழக்கம் இல்லை. கிளையன்ட் அனுப்பிய முதல் செய்திக்கு ஏற்கெனவே ஒப்புதல் வந்துவிட்டதால், அதன் கணக்கில் பதிலை எதிர்நோக்கும் பாக்கெட் எதுவும் இல்லை. ஆகவே அதன் டைமரும் அணைந்திருக்கிறது. இப்போது சர்வருக்கு அனுப்ப அனுமதி இல்லை, கிளையன்ட்டுக்கு அனுப்பக் காரணம் இல்லை. இருவரும் காலாவதியாகும் வரை சும்மா இருப்பார்கள்.

இதற்குத் தீர்வு ஆர்எஃப்சி 9002-இல் இருக்கிறது: ஹேண்ட்ஷேக் (இணைப்பின் தொடக்க உரையாடல்) உறுதியாகும் முன், கிளையன்ட்டின் முகவரியைச் சர்வர் சரிபார்த்துவிட்டது என்று தெரியாத நிலையில், அனுப்பி நிலுவையில் உள்ளது எதுவும் இல்லாவிட்டாலும் கிளையன்ட் டைமரை ஓடவிட வேண்டும், அது அடித்தால் ஹேண்ட்ஷேக் கட்டத்துக்கான குறியாக்கச் சாவி கையில் இருந்தால் ஹேண்ட்ஷேக் பாக்கெட்டையும், இல்லையென்றால் 1200 பைட்டுக்கு நிரப்பிய முதற்கட்ட (இனிஷியல்) பாக்கெட்டையும் அனுப்ப வேண்டும். படித்தால் இரண்டே நிமிடம். நிரலில் இது டைமரை அமைக்கும் இடம், சாவிகளைக் கழிக்கும் இடம், பாக்கெட்டைக் கட்டும் இடம் ஆகிய மூன்றையும் தொடுகிறது. அவற்றில் ஏதாவது ஒன்றைப் பிறகு யாராவது நல்லெண்ணத்தோடு சுருக்கி எழுதினால், நிரலின் சிறு பகுதிகளைச் சோதிக்கும் எல்லா யூனிட் டெஸ்ட்டுகளும் பச்சையாகவே இருக்க, ஏதோ ஓர் ஊரில் சிக்னல் குறைந்த கைபேசியில் மட்டும் இணைப்பு நிற்கத் தொடங்கும். இத்தகைய பகுதிகளைத் தொடும் புல் ரிக்வெஸ்ட்டுகளை (பிறர் அனுப்பும் நிரல் மாற்றங்களை) நான் மிக மெதுவாகப் படிப்பது அனுப்பியவரின் திறமையில் ஐயம் கொண்டு அல்ல.

இணைப்பைக் குறியாக்கம் செய்யும் டிஎல்எஸ் விஷயத்துக்கு வருகிறேன். குவிக்கில் டிஎல்எஸ் 1.3 தனி அடுக்காக மேலே உட்கார்ந்திருப்பதில்லை. அது ஹேண்ட்ஷேக் செய்திகளைத் தயாரித்துத் தந்து, உருவான சாவிகளை நெறிமுறையின் கையில் ஒப்படைத்துவிடும். ஆகவே டிஎல்எஸ் நூலகம் அதற்கென்று ஒரு வாசலைத் திறந்துவைக்க வேண்டும். கூகுளின் போரிங்எஸ்எஸ்எல் திறந்துவைத்தது. உலகமே நம்பியிருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் திறக்கவில்லை. அதே வாசலைச் சேர்க்கும் மாற்றம் 2019-இலேயே முன்வைக்கப்பட்டும், அதை ஏற்பதற்குப் பதிலாகத் தாங்களே முழுக் குவிக்கையும் எழுதப்போவதாக 2021-இல் அவர்கள் முடிவெடுத்தார்கள். அக்கமாயும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து குவிக்டிஎல்எஸ் என்ற கிளையை (ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மாற்றிய நகலை) தொடங்கின. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சொந்தக் குவிக் கிளையன்ட் 2023 நவம்பரில் 3.2 பதிப்பில் வந்தது. சர்வரும், மற்ற நூலகங்களுக்கான வாசலும் 2025 ஏப்ரலில் 3.5 பதிப்பில்தான் வந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் "என் லினக்ஸில் இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு ஏன் உங்கள் நூலகம் சேரவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் எழுதிய பராமரிப்பாளர்கள் எத்தனையோ பேர்.

குவிக்-கோ நூலகம் பட்ட பாடு இன்னும் சுவையானது. கோ மொழியின் தரநிலை டிஎல்எஸ் தொகுப்பில் அந்த வாசல் இல்லாததால், அத்தொகுப்பையே நகலெடுத்து மாற்றி வைத்துக்கொண்டார்கள். அந்த நகல் மொழியின் உள்ளமைப்போடு நெருக்கமாகப் பிணைந்திருந்ததால், கோவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு தனி நகல் தேவைப்பட்டது. கோவோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியிடும் மொழி. பழைய நூலகத்தைப் புதிய கோவில் கட்டினால் புரியாத பிழைகள் வராமல் இருக்க, அவர்கள் ஓர் உத்தி செய்தார்கள்: முழு எண் வகை மாறி ஒன்றுக்கு, "இந்தப் பதிப்பை இந்தக் கோவில் கட்ட முடியாது, விவரத்துக்கு இங்கே பாருங்கள்" என்ற பொருளுள்ள வாக்கியத்தை மதிப்பாகக் கொடுத்தார்கள். எண்ணில் எழுத்தைப் போட முடியாது என்று நிரலைக் கட்டும் கம்பைலர் கத்தும்போது, அந்த வாக்கியமும் திரையில் வந்துவிழும். கம்பைலரின் வாயாலேயே பயனரிடம் பேசும் இந்த உத்தியை நான் எப்போதும் ரசிப்பதுண்டு. 2023 ஆகஸ்டில் கோ 1.21 பதிப்பில் வாசல் திறந்த பிறகு நகலெடுக்கும் தேவை நீங்கியது.

கெர்னலை விட்டு வந்துவிட்டோம் என்பதும் பாதி உண்மைதான். யுடிபி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பெருவேகத்தில் பயன்படுத்துவார்கள் என்று நெடுங்காலம் யாரும் எண்ணியிருக்கவில்லை. லினக்ஸில் வந்த பாக்கெட்டுகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும், ஒரு சாக்கெட்டுக்கான பெறும் தாங்கியின் வழக்கமான உச்சவரம்பு 212992 பைட்டு. வேகமான இணைப்பில் அது கண் இமைக்கும் நேரத்தில் நிரம்பி, பாக்கெட்டுகள் நம் நிரலைத் தொடாமலேயே கைவிடப்படும். குவிக்-கோ அதை 75 லட்சம் பைட்டாக உயர்த்தச் சொல்லி ஓர் எச்சரிக்கை அச்சிடுகிறது. அந்த எச்சரிக்கையைத் தங்கள் சர்வர் லாகில் பார்த்த மனிதர்கள், தாங்கள் நிறுவிய மென்பொருள் எதுவாக இருந்தாலும், அதைப் பிழையாகவே கருதிக் கேள்வி கேட்கிறார்கள். குறைந்தபட்சம் கேட்கிறார்கள் என்று மகிழ்ந்துகொள்ளலாம். எச்சரிக்கை இல்லாவிட்டால் "குவிக் மெதுவாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பல பாக்கெட்டுகளை ஒரே அழைப்பில் கெர்னலிடம் கொடுக்கும் ஜிஎஸ்ஓ வசதி 2018-இல் லினக்ஸ் 4.18-இல் யுடிபிக்கு வந்தது. சிபியுச் செலவைக் குறைப்பதில் இதற்கு இணையாக வேறு எதையும் நான் கண்டதில்லை. ஆனால் சில நெட்வொர்க் கார்டுகளின் டிரைவர்களில் அது உள்ளீடு-வெளியீட்டுப் பிழையைத் திருப்பித் தருகிறது. அப்போது அமைதியாகப் பழைய முறைக்குத் திரும்பி அதே பாக்கெட்டுகளைத் தனித்தனியாக அனுப்ப வேண்டும். இந்தத் திரும்புதல் எந்த ஆர்எஃப்சியிலும் இல்லை. 2024 டிசம்பரில் குவிக்-கோ வெளியிட்ட சிவிஇ-2024-53259 என்ற பாதுகாப்புக் குறைபாடு இதே எல்லைக்கோட்டில் விளைந்தது: இணைப்பு செல்லும் வழியில் இல்லாத ஒருவர், "பாக்கெட் மிகப் பெரியது" என்ற போலி ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழை அறிவிப்பு) செய்தியை அனுப்பினால், கெர்னல் அதை நம்பி அந்த முகவரிக்கான அளவு வரம்பைக் குறைத்துக்கொள்ளும், அந்த வரம்பு 1200 பைட்டுக்குக் கீழே போய்விட்டால் குவிக் எதையுமே அனுப்ப முடியாது. குவிக்கின் குறியாக்கம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் இங்கே உதவாது, ஏனென்றால் ஏமாந்தது குவிக் அல்ல, அதன் கீழே இருக்கும் கெர்னல். கெர்னல் அந்தச் செய்திகளைப் பொருட்படுத்தாதபடி சாக்கெட்டின் ஒற்றை விருப்பத்தை மாற்றியதுதான் திருத்தத்தின் சாரம்.

பாதுகாப்புப் பிழைகளில் என்னை அதிகம் யோசிக்கவைத்தவை வேறு இரண்டு. சிவிஇ-2023-49295-இல் தாக்குபவர் பாதைச் சோதனை ஃபிரேம்களை (பாக்கெட்டுக்குள் வரும் செய்தி அலகுகளை) தொடர்ந்து அனுப்புகிறார். ஒவ்வொன்றுக்கும் பதில் ஃபிரேம் அனுப்ப வேண்டும் என்பது விதி. கூடவே அவர் தனக்கு வரும் பாக்கெட்டுகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒப்புதல் கொடுத்து, எதிராளியின் நெரிசல் சாளரத்தை (ஒப்புதல் வரும் முன் அனுப்பக்கூடிய அளவை) சுருங்கவைக்கிறார். பதில்கள் வெளியே போக முடியாமல் வரிசையில் சேர்ந்துகொண்டே போய், நினைவகம் தீர்ந்துவிடுகிறது. சிவிஇ-2024-22189-உம் இதே இலக்கணம்தான். அங்கே புதிய கனெக்ஷன் ஐடி (இணைப்பின் அடையாளம்) கொடுத்துப் பழையவற்றை ஓய்வுபெறச் சொல்லும் ஃபிரேம்கள், அவற்றுக்கான பதில்களைக் குவிக்கின்றன. இரண்டிலும் குறியாக்கப் பிழை இல்லை, எல்லை மீறிய எழுத்து இல்லை, நினைவகத்தைப் பாதுகாக்கும் மொழியில் எழுதப்பட்டிருந்தும் பயனில்லை. நெறிமுறை "பதில் சொல்" என்கிறது, "சொல்ல முடியாதபடி மறிக்கப்பட்டால் எத்தனை பதில்களை வைத்திருப்பது?" என்ற கேள்வி நிரலை எழுதுபவரின் தலையில் விழுகிறது. இதைப் படித்த அன்று எங்கள் நூலகத்தில் "எதிராளியின் செயலால் வளரக்கூடிய வரிசை எது எது?" என்று தேடத் தொடங்கினோம், அந்தத் தேடல் இன்றும் ஒவ்வொரு மறுஆய்விலும் முதல் கேள்வியாக இருக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவில் மனத்துக்கு ஆறுதலான ஒன்று, மற்ற நூலகங்களோடு நடக்கும் அன்றாடப் பொருத்தச் சோதனை. குவிக்-கோவின் மார்ட்டன் சீமன், ஆர்எஃப்சி 9000-இன் ஆசிரியர்களில் ஒருவரான ஜனா ஐயங்காரோடு சேர்ந்து 2020-இல் வெளிக்கொண்டுவந்த இன்டராப் ரன்னர், ஒவ்வொரு நூலகத்தின் கிளையன்ட்டையும் மற்ற எல்லா நூலகங்களின் சர்வரோடும் டாக்கர் என்ற தனித்த இயங்கு சூழலுக்குள் மோதவிடுகிறது. நடுவே ஒரு நெட்வொர்க் சிமுலேட்டர் உட்கார்ந்து பாக்கெட்டுகளைத் தொலைக்கும், கெடுக்கும், தாமதப்படுத்தும், பாதியில் போர்ட்டை மாற்றும். காலையில் முடிவு அட்டவணையைத் திறந்தால் நேற்றுப் பச்சையாக இருந்த கட்டம் சிவந்திருக்கும். தவறு நம்முடையதா, எதிர்ப்பக்கத்தினுடையதா என்று பார்க்க இரு பக்கத்துக் கியூலாக் (குவிக் நிகழ்வுப் பதிவு) கோப்புகளையும் அருகருகே வைத்து, மில்லி நொடி மில்லி நொடியாக இறங்க வேண்டும். போட்டி நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் "உங்கள் பக்கம் ஒப்புதல் தாமதமாக வருகிறது, இதோ தடயம்" என்று எழுதிவிட்டுப் போகும் அந்தப் பண்பு மென்பொருள் உலகில் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

ஆனால் அட்டவணைக்கு வெளியே நீதி வேறு. எங்களைப் போன்ற சிறிய நூலகம் ஆர்எஃப்சியிலிருந்து வழுவினால் அது பிழை. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் உலாவி வழுவினால் அது நடைமுறை, நாங்கள்தான் அதற்கேற்ப வளைந்துகொள்ள வேண்டும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற தரவுச் சுருக்க நூலகத்தில் பின்வாசல் கண்டுபிடிக்கப்பட்டபோது, களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளரிடம் "உதவ வந்தவர்" போல ஒருவர் நம்பிக்கை சம்பாதித்து உள்ளே நுழைந்த விதம் எல்லோரையும் அதிரவைத்தது. அதன் பிறகு புதிய ஆட்களுக்கு எழுதும் உரிமை கொடுப்பதில் நாங்களும் தயங்குகிறோம். ஆட்கள் வேண்டும் என்று ஏங்கிக்கொண்டே தயங்குகிறோம். இயந்திரம் எழுதித் தரும் போலிப் பாதுகாப்பு அறிக்கைகள் அதன் மேல் இன்னொரு சுமை. கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க் அதைப் பற்றி வெளிப்படையாகக் கொதித்திருக்கிறார், அவர் சொல்வதில் மிகை எதுவும் இல்லை. இல்லாத ஒரு செயற்கூறில் நினைவகக் கசிவு இருப்பதாக வரும் நேர்த்தியான அறிக்கையை மறுக்க, உண்மையான பிழையைச் சரிபார்ப்பதைவிட அதிக நேரம் பிடிக்கிறது.

இந்த வேலை மறுபடி கெர்னலுக்கே போய்விடுமோ என்ற பேச்சும் இப்போது எழுந்திருக்கிறது. விண்டோஸில் அது புதிதல்ல. எம்எஸ்குவிக் அங்கே கெர்னலுக்குள்ளும் ஓடுகிறது. லினக்ஸுக்கு 2025-இல் முன்வைக்கப்பட்ட பேட்ச் (நிரல் மாற்ற) தொகுப்பு, ஹேண்ட்ஷேக்கைப் பயனர் வெளியிலேயே விட்டுவிட்டுப் பாக்கெட் அனுப்புவதையும் பெறுவதையும் கெர்னலுக்குள் கொண்டுபோகிறது. கெர்னலுக்குள்ளேயே இருக்கும் கோப்புப் பகிர்வு அமைப்புகளுக்கு அது தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால் மேலே சொன்ன பதில் வரிசைப் பிழையை எங்களைப் போன்ற நூலகம் கண்டுபிடித்த வாரத்திலேயே திருத்தி வெளியிட்டுவிடும். அதை நம்பியிருக்கும் சேவை மறுநாளே புதிய பதிப்பைக் கட்டிக்கொள்ளும். கெர்னலில் அதே திருத்தம், விற்கப்பட்டு எங்கோ ஒரு அலமாரியில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குப் போய்ச் சேர எத்தனை ஆண்டு ஆகும் என்பதை டிசிபி நமக்கு ஏற்கெனவே காட்டியிருக்கிறது. அதனால் அந்தத் தொகுப்பு ஏற்கப்பட்டாலும் எங்கள் நூலகத்தை மூடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அடுத்த வெளியீட்டுக்கு ஜிஎஸ்ஓ தோல்வியடையும்போது திரும்பும் பகுதியை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். பழைய நெட்வொர்க் கார்டு பொருத்திய இயந்திரம் யாரிடமாவது இருந்தால், கியூலாக் கோப்போடு ஒரு சோதனை முடிவை அனுப்பித் தாருங்கள்.